நெல்லைநாயகம் சாரும் வலையில் இருந்த ஓட்டையும்

நெல்லைநாயகம் சார் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பழைய புட்பால்காரர்கள் குரூப். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் மட்டும் அங்கே கை கும்பிடாமல் இங்கே பேஸ்புக்கில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலி டவுண்காரர், தாலுகா ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் மாவட்ட புட்பால் லீக்கில் ரெப்ரி.

தொண்ணூறு நிமிஷம் ஓடினாலும் திருநீறு கலையாது என்று கேலி பண்ணுவோம். நேற்று மீசை முளைத்த பையனையும் 'வே', 'நீரு' என்று மரியாதை வைத்துத்தான் கூப்பிடுவார்.

நான் ஒரு நூல் மில் டீமுக்கு கோல் கீப்பர். தொண்ணூறுகளின் நடுவில். காலையில் ஷிப்ட், சாயங்காலம் பிராக்டிஸ். பந்து ஆடுவதால் கிடைத்த வேலை, அதுவும் டெம்ப்ரவரி.

அந்த சீசன் ஆரம்பத்தில் ஒரு மேட்ச். பந்து என் விரல் நுனியில் உரசிக்கொண்டு வெளியே போனது. ஒருவருக்கும் தெரியவில்லை. சார் வந்து கேட்டார், பட்டது என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அவர்களுக்குக் கிடைத்த கார்னர் கிக்கில்தான் கோல் வாங்கித் தோற்றோம். எங்கள் டீம் ஆட்கள் ஒரு வாரம் என்னை டீ குடிக்கக் கூப்பிடவில்லை. சார் மட்டும் அதற்குப் பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பார்.

கடைசி மேட்ச் திசையன்விளை டீமோடு. எங்கள் கிரவுண்டில். தோற்றால் நாங்கள் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்குவோம், டிரா ஆனால் அவர்கள் இறங்குவார்கள்.

மில் மேனேஜர் முந்தின நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இறங்கினால் டீம் கிடையாது, டீம் இல்லையென்றால் வேலையும் கிடையாது.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. கோல் வலை எல்லாம் கடற்கரையில் கழித்துப் போட்ட மீன் வலை. எந்த டீமின் கிரவுண்டோ அந்த டீம் கோல் கீப்பர்தான் மேட்சுக்கு முன்னால் பிய்ந்த இடங்களைச் சணல் வைத்துக் கட்ட வேண்டும்.

அன்றைக்குச் சணல் தீர்ந்துவிட்டது. ஒரு கம்பத்தோரம் பந்து நுழைகிற அளவுக்கு ஓட்டை. கடைக்குப் போய்வரச் சோம்பல்...

கட்டியாச்சா என்று சார் கேட்டார். ஆச்சு சார் என்றேன். அவர் போய்ப் பார்க்கவில்லை. நான் சொன்னால் போதும் அவருக்கு.

முடிய ஐந்து நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவர்களுடைய லெப்ட் விங்கர் ஒன்று அடித்தான். என் கைக்கு அடியில் புகுந்து, கம்பத்துக்கு உள்பக்கமாகப் போய், அந்த ஓட்டை வழியாக வெளியே உருண்டது.

நான் பார்த்தேன். குப்புற விழுந்து கிடந்து, கழுத்தைத் திருப்பி, நன்றாகப் பார்த்தேன்.

கோட்டோரம் கொடி பிடித்து நின்றவருக்குப் பந்து தெரியாமல் ஆட்கள் மறைத்துவிட்டார்கள். திசையன்விளைக்காரர்கள் சாரைச் சுற்றிக்கொண்டு ஓட்டையைக் காட்டுகிறார்கள். அவர் அதைப் போய்ப் பார்க்காமல், எல்லாரையும் விலக்கிவிட்டு என்னிடம் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"வே, நீரு சொல்லும். பந்து உள்ள போச்சா, வெளியோட போச்சா?"

"வெளியோடதான் சார் போச்சு."

இன்னொரு தடவை கேட்கவில்லை. கோல் இல்லை, கோல் கிக் என்று கையைக் காட்டினார்.

மேட்ச் முடிந்ததும் திசையன்விளைக்காரர்கள் அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டார்கள். காலையில் சார் எங்கள் மேனேஜரோடு நின்று டீ குடித்ததைப் பார்த்த யாரோ, காசுக்குக் கைநீட்டிவிட்டார் என்று கிளப்பிவிட்டார்கள். அந்தப் பழி அப்படியே நிலைத்துவிட்டது. அவரை யாரும் அதற்குப் பிறகு மேட்சுக்குக் கூப்பிடவில்லை.

எனக்கு அந்த வருஷமே வேலை பெர்மனென்ட் ஆனது. கல்யாணம், வீடு, பிள்ளைகள் படிப்பு, எல்லாம் அந்த வேலையில்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழெட்டு வருஷம் கழித்து டவுணில் பஸ் ஏறினேன். பாளையங்கோட்டை பஸ். ஜன்னலோரம் சார், பக்கத்தில் அவர் மகள். சொல்லிவிடலாம் என்றுதான் பக்கத்தில் போனேன்... சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

அவர் முந்திக்கொண்டார். மகளிடம் என்னைக் காட்டி, "நான் சொல்லுவேம்லா, அந்த கோல் கீப்பர் இவருதான். ஊரே என்னைக் கள்ளன்னு சொல்லிச்சு. சொல்லிட்டுப் போட்டும். இவரு பொய் சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தெரியும்லா."

அந்தப் பெண் எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தது.

வண்ணார்பேட்டையில் இறங்க வேண்டியவன் ஜங்ஷனிலேயே இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு டவுண் பக்கம் அவரைத் தூரத்தில் கண்டாலே ரத வீதியில் அடுத்த பக்கம் திரும்பிவிடுவேன். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான்.

இன்று குரூப்பில் ஒருவர், "நல்ல மனுசன், அந்த ஒரு மேட்ச் தவிர" என்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டேன். அவருக்குப் பதில்தான் இது. அண்ணாச்சி, அந்த ஒரு மேட்சிலும் அவர் நல்ல மனுஷன்தான். கள்ளன் நான்.

அந்த லெப்ட் விங்கரைத் தெரிந்தவர்கள் இதில் டேக் பண்ணுங்கள். சாருடைய மகள் நம்பர் யாரிடமாவது இருந்தால் இதை அனுப்பிவிடுங்கள். நானும் காலையில் சார் வீட்டுக்குப் போகிறேன். அங்கே என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

போய் வாருங்கள் சார்.

பந்து உள்ளேதான் போனது.