இரண்டு கால் திரை

அலுவலகத்தில் கணினி பழுது பார்ப்பவரை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சட்டைப்பையில் எப்போதும் நாலு திருகாணி கிடக்கும். புது மானிட்டர் வாங்குமுன் இரண்டு மாதிரிகளைக் காட்டி, "பாத்து எழுதிக் குடுய்யா" என்றார் மேலாளர்.

ஒன்றுக்கு ஒற்றைத் தண்டு. ஏற்றலாம், இறக்கலாம், திருப்பலாம். மற்றது மெலிசு, இரு ஓரத்திலும் ஒவ்வொரு கால், உயரம் மாறாது. வேறு தாங்கியில் மாட்டலாமென்றால் முதுகில் ஒரு துளைகூட இல்லை. நட்டு இரண்டையும் தன் மேசையில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரையின் மேல் விளிம்புக்கு நூல் பிடித்தார். நேராக இருந்தது. 'இரண்டும் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெலிசில் முப்பது வந்து இறங்கின.

நட்டு குள்ளம். அது அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் வரிசையில் படிவம் பதியும் அக்கா நல்ல உயரம். கழுத்தெலும்பு தேய்ந்து கழுத்துப்பட்டை போட்டிருந்தாள். குனிந்தால் வலது கை மரத்துப்போகும். பழைய மானிட்டரைக் காகிதக் கட்டுகளின் மேல் ஏற்றி வைத்துத்தான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். புதியதன் கால்கள் கட்டின் அகலத்துக்குள் அடங்கவில்லை.

"என்னண்ணே, காலை அகட்டிக்கிட்டு நிக்குது? பழசையே குடுத்துடுங்க."

"அதெல்லாம் நேத்தே லாரில போயிடுச்சும்மா."

"நீங்க பாத்துத்தானே வாங்கினாங்க?"

"என் உசரத்துக்குப் பாத்துட்டேம்மா."

"அப்ப என்னை ஒரு ஜாண் வெட்டிடுங்க" என்று சிரித்தாள்.

மறுநாள் நட்டு ஒரு பலகையை இழைத்துக் கொண்டுவந்து கட்டுகளுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் திரையை நிறுத்தினார். பதினோரு நாள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மேலாளர் வந்து நின்றார். "இது ஆபீஸா, தச்சுப்பட்டறையா? எடுய்யா அதை."

"சார், அந்தம்மாவுக்குக் கழுத்து..."

"ரெண்டும் சரின்னு எழுதினது யாரு? நானா?"

நட்டு பலகையை எடுத்தார்.

அக்கா நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தாள். முழங்கால் மேலே வந்தது, தோள் தூக்கிக்கொண்டது. இரண்டு மாதத்தில் விரல்கள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. படிவத்துக்குப் படிவம் பிழை. வேறு வேலை கேட்டாள். இல்லை என்றார்கள். வேலையை விட்டுப் போகும்போது பையை இடது கையில் பிடித்திருந்தாள்.

அந்த இடத்துக்கு வந்தவள் குள்ளம். "நாற்காலி பள்ளத்துல கெடக்குண்ணே."

நட்டு மண்டியிட்டு நெம்புகோலை அழுத்தி ஏற்றினார்.

"போதும், போதும். கண்ணுக்கு நேரா இருக்கு. அளந்து வச்ச மாதிரி!"

அவர் உடனே எழுந்திருக்கவில்லை.