மொட்டைத் தலைக்கு ஒரு விடுப்புக் கடிதம்

தானா ராத்தா பேருந்து நிலையம். தாப்பாவுக்குப் போகும் என் பேருந்து உறுமிக்கொண்டிருக்கிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஈப்போவிலிருந்து வந்திறங்கிய ஒரு தாயும் மகளும் என்னை மறிக்கிறார்கள். தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மகள் பள்ளிச் சீருடையில் இருக்கிறாள். புது மொட்டையில் சந்தனம் காய்ந்திருக்கிறது. நேற்றுத் தைப்பூசம். ஈப்போவில் விடுமுறை; மலைக்கு மேலே இந்த ஊர் பஹாங் மாநிலம், இங்கே நேற்றும் பள்ளி உண்டு.

"அண்ணே, மலாய்ல ஒரு லீவு லெட்டர் எழுதிக் கொடுங்க. காய்ச்சல்னு போடுங்க. இல்லேன்னா இவ கிளாஸ் மானிட்டர் வேலை போயிடும்."

"மொட்டையப் பார்த்துட்டுக் காய்ச்சல்னு யாரும்மா நம்புவாங்க? சந்தனம் வேற மணக்குதுலா."

தாய் சிரித்துவிடுகிறாள். "என் ஆபரேசனுக்கு இவதான் மொட்டை போடுறதா நேர்ந்துக்கிட்டா, அண்ணே. நல்லபடியா முடிஞ்சது."

முழங்காலில் தாளை வைத்து, 'மன்னிக்க வேண்டும்' என்று மலாயில் தொடங்குகிறேன். மகள் எட்டிப் பார்க்கிறாள்.

"மன்னிப்பு எதுக்கு மாமா? தைப்பூசத்துக்குப் போனேன்னு மட்டும் எழுதுங்க."

"அப்ப மானிட்டர் வேலை?"

"முடியே போச்சு. பேட்ஜ் போனா என்னலா?"

முதல் வரியை அடித்துவிட்டு எழுதுகிறேன். தாய் தமிழில் கையெழுத்திடுகிறாள். தலையை மூடிக்கொள்ளத் துண்டை நீட்டுகிறாள். மகள் அதை வாங்காமல் தூறலில் பள்ளியை நோக்கி நடக்கிறாள்.

என் பேருந்து நகர்கிறது. தாய் அவள் பின்னாலேயே ஓடுகிறாள்.

"இருடி, வாத்தியார்கிட்ட நானே சொல்றேன்!"