ஓயாத கிளை

முன்னறைச் சுவரில் இரும்பு உராயும் ஒலி கேட்டதும் தாட்சாயணியின் பாக்குவெட்டி பாதியில் நின்றது. மண்வெட்டி சாயும் ஒலி அவளுக்குத் தெரியும். கடப்பாரை சாயும் ஒலியும் தெரியும். இது கோடாலி.

"வா எத்திராஜி, உக்காரு" என்றது கணவர் முனிகிருஷ்ணனின் குரல்.

"அண்ணி எங்க?"

"உள்ள கொட்ட ஒடைச்சிக்கினு இருக்கா."

கொழுந்தன் கோடாலியோடு வந்திருக்கிறான் என்று தெரிந்தும் அவள் எழவில்லை. காய்ந்த மாங்கொட்டையின் ஓரத்தைப் பாக்குவெட்டியின் வாயில் கொடுத்து நெரித்தாள். ஓடு விரிந்தது. பருப்பில் கீறல் படாமல் நகத்தால் நெம்பி எடுத்து, ஈரச் சாக்கின் மேல் வைத்தாள். ஊரில் எல்லாரும் கொட்டையை ஓட்டோடுதான் புதைப்பார்கள். ஓட்டை நீக்கி ஊன்றினால் பத்து நாள் முன்னதாக முளைத்துவிடும். "பத்து நாளு சும்மா வருதா? எவன் குடுப்பான்?" என்பாள் கேட்டவர்களிடம்.

கார்வேட்டிநகரத்துக்கும் புத்தூருக்கும் நடுவில் உள்ள அந்தச் சிற்றூரில் அவளுடைய கோபம் பஸ் நேரத்தைப் போல எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவள் வீட்டுக் கதவு அடித்துச் சாத்தப்படும் சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்கும். புத்தூர் பஸ் தாமதமாக வந்தால், அவள் ஏறும் இடத்தில் கண்டக்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். தாமதம் என்பதை அவளால் பொறுக்க முடியாது. மனிதன் தாமதித்தாலும் சரி, மரம் தாமதித்தாலும் சரி.

மரத்தின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது கல்யாணமாகி வந்த புதிதில். தோப்பில் பங்கனப்பள்ளி மாமரம் ஒரு வருடம் கிளை முறியக் காய்த்தது. அடுத்த வருடம் வெறும் இலையோடு நின்றது. ஏன் என்று கேட்டாள். "ஓயற வருஷம்மா இது. மரமே ஓயுது, நீ ஏன் ஓய மாட்டேன்ற?" என்று மாமியார் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. பக்கத்திலேயே நிற்கும் நீலம் வருடம் தவறாமல் காய்க்கிறதே. பங்கனப்பள்ளியின் இனிப்பும் நீலத்தின் உழைப்பும் ஒரே மரத்தில் ஏன் வரக்கூடாது?

முப்பத்தொரு வயதில் தொடங்கினாள். இரண்டு ரகமும் கலந்து நிற்கும் தோப்பில் கொட்டை பொறுக்கி நாற்பது ஊன்றினாள். ஒரு கொட்டை மரமாகிக் காய்க்க எட்டு வருடம். எட்டு வருடம் தண்ணீர் சுமந்தாள். காய்த்தது அத்தனையும் புளிப்பு. அன்று மரத்தடியில் உட்கார்ந்து, இந்த ஆயுளில் இன்னும் எத்தனை தடவை தப்புப் பண்ணலாம் என்று விரல் விட்டு எண்ணினாள். ஒரு கையே அதிகமாக இருந்தது.

அழுதாளா என்றால் இல்லை. எட்டு வருடத்தைச் சுருக்க வழி தேடினாள். சந்தையில் வெல்லம் கட்டிக் கொடுத்த தெலுங்குத் தாளில் மாங்கிளையின் படம் இருந்தது. தெலுங்கு பேசுவாள், படிக்கத் தெரியாது. பஸ் கண்டக்டரை நிற்க வைத்துப் படிக்கச் சொன்னாள். இளங்கன்றின் நுனியை முதிர்ந்த மரத்தின் கிளையில் ஒட்டுக் கட்டினால் மூன்றே வருடத்தில் காய்க்கும் என்று போட்டிருந்தது. அன்றைக்குப் பஸ் கால் மணி தாமதம். அந்த ஒரு தாமதத்துக்கு மட்டும் அவள் யாரையும் திட்டவில்லை.

கொல்லையில் மாமனார் வைத்த நாட்டு மாமரம் ஒன்று இருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அதில் இருபத்து மூன்று கிளைகளில் இருபத்து மூன்று கன்றுகளை ஒட்டினாள். பழம்புடவையைக் கிழித்து அடையாளம் கட்டினாள். காய்த்துப் புளித்த கிளைக்கெல்லாம் ஒரு பெயர் வைத்தாள். மாமியார் கிளை, கர்ணம் கிளை, கண்டக்டர் கிளை. நாலாவது கிளைக்கு எத்திராஜ் என்று பெயர். "புளிச்சது எல்லாம் சொந்தக்காரங்க" என்பாள்.

புளிக்காத கிளை ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் வைக்கவில்லை. போன வருடம் அதில் ஒன்பது பழம். திருத்தணிப் பக்கம் இருந்த தோட்ட அதிகாரி ஒருவர் பஸ் ஏறி வந்து பார்த்தார், நறுக்கித் தின்றார், எழுதிக்கொண்டார். "அடுத்த வருஷமும் காய்க்கட்டும்மா. ஓயாத ரகம்னு ரெண்டு காய்ப்பைப் பாத்துதான் எழுத முடியும். அப்புறம் நீயே பேர் வை, ஊர் ஊராக் கன்று போகும்" என்றார்.

இந்த வருடமும் காய்த்தது. பதினான்கு. ஆனால் சித்திரைக்கு முன்பே தெலுங்கு, தமிழ் இரண்டு ராஜ்ஜியத்துக்கும் நடுவில் கோடு மாற்றிப் போட்டுவிட்டார்கள். திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று, அதிகாரியும் அவருடைய நோட்டும் அதோடு போயின. இவள் ஊர் தெலுங்குப் பக்கம் நின்றுவிட்டது. பழக்கூடையோடு சித்தூர் போனாள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான். சாப்பிட்டார், மெச்சினார். ஆனால் அவர் கண்ணால் பார்த்தது ஒரு காய்ப்புதானே? "வச்சே சம்வத்ஸரம் கூடா சூஸ்தாம் அம்மா" என்றார். அடுத்த வருடமும் பார்ப்போம் என்று அர்த்தம்.

"கோடு தரையிலதான போட்டீங்க? மரத்துலயா போட்டீங்க?" என்று அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி முடித்த கையோடு மூச்சு வாங்கி, படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. முனிகிருஷ்ணன் அங்கிருந்தே டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் அவரை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். துணித் திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. இதயம் வீங்கிவிட்டது. ஒரு வருடம் தாண்டினால் பெரிது. நாற்பத்தொன்பது வயது அவளுக்கு. வீடு திரும்பும் வழியெல்லாம் முனிகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் பேசியது ஒரே வார்த்தை. "அடுத்த சித்திரைக்குப் பத்து மாசம்தான்."

அந்தக் கிளையிலிருந்து நுனி எடுத்து ஆறு ஒட்டுக் கன்றுகள் கட்டியிருக்கிறாள். அவை காய்க்க இன்னும் நாலு வருடம். நாலு வருடம் அவளிடம் இல்லை. அவளிடம் இருப்பது அந்த மரம், அந்தக் கிளை, ஒரு காய்ப்பு.

இப்போது முன்னறையில் கோடாலி.

"அண்ணனுக்குச் சொல்லிட்டேன். அண்ணி, நீயும் கேட்டுக்கோ" என்றான் எத்திராஜ், குரலை உயர்த்தி.

பாக்குவெட்டியைக் கையில் பிடித்தபடி, மடி நிறைய மாங்கொட்டையோடு அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

எத்திராஜ் கெட்டவன் இல்லை. அதுதான் கொடுமை. அவர்கள் வகையறாவில் செத்தவரைச் சொந்தக் கொல்லை மாமரத்து விறகில்தான் எரிப்பார்கள். விலைக்கு வாங்கின விறகு கேவலம். மாமனார் ஐப்பசி மழையில் போனார். அன்று வெட்டிய பச்சை மரம் தீப்பிடிக்காமல் இரண்டு நாள் புகைந்தது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு பேசியது. அந்த அவமானம் இன்னும் எத்திராஜின் முகத்தில் இருந்தது.

"நைனாவுக்கு ஆன மாரி உனுக்கு ஆவக்கூடாது அண்ணி. இப்ப வெட்டிப் போட்டா ஆவணிக்குள்ள காஞ்சிடும். ஒரு மனசு ஆறுதலுக்குத்தான் சொல்றேன்."

"யாரு மனசு?"

"எல்லாருக்கும்தான்."

"நான் இன்னும் சோறு துன்னுக்கினு இருக்கேன் எத்திராஜி. எனுக்கு வெறகு அடுக்க வந்துட்ட."

"தப்பா எடுத்துக்காத. திருப்பதி போலாம், மலையேற டோலி வெக்கறேன். போற வழிக்குப் புண்ணியம் தேடிக்கினு நிம்மதியா இரு. மாங்கா மரத்தோட மல்லுக்கட்டி இன்னா ஆவப்போது? இருக்கறது கொஞ்ச நாளு."

முனிகிருஷ்ணன் பதறி, "ஊருக்கோ, சும்மா இரு" என்று தம்பியை அடக்கினார். கேட்டது கேட்டதுதான்.

"கொஞ்ச நாளுதான்" என்றாள் தாட்சாயணி. "அதான் எனுக்குப் பத்திக்கினு வருது. நெறைய நாளு இருக்கறவன் கோயிலு சுத்தலாம், சாவடியில உக்காந்து கத பேசலாம். கொஞ்ச நாளு இருக்கறவ ஏன் ஓயணும்? புளிச்ச கிளை இருவத்திரெண்டும் எடுத்துக்கோ. ஒண்ண மட்டும் உடு."

"பாதி வெட்டின மரம் இன்னொரு சாவு கேக்கும்னு தெரியாதா உனுக்கு? அடியோடதான் சாய்க்கணும்."

அவள் பாக்குவெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் போனாள். வரும்போது கையில் ஒரு துருப்பிடித்த டால்டா டின். அதில் சாண் உயர மாங்கன்று ஒன்று. நெஞ்சு ஏறி இறங்க, அதை அவன் முன்னால் வைத்தாள்.

"இது உன் பேரு வெச்ச கிளையோட கொட்ட. புளிக்கும். எரியறதுக்குப் புளிப்பு இன்னா, இனிப்பு இன்னா? உன் கொல்லையில வெச்சி வளத்துக்கோ. எட்டு வருஷத்துல வெறகாவும். அப்ப வந்து எரி."

அவனுக்கு முகம் சிவந்தது. தன் பெயரில் ஒரு புளிப்புக் கிளை இருப்பது ஊர் முழுக்கத் தெரியும். இவனுக்கும் தெரியும், தெரியாதது போல இருந்தான். வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"எட்டு வருஷம் நீ இருப்பியா?"

டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் வைத்துச் சொன்னதை, வீட்டில் இதுவரை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முனிகிருஷ்ணன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கத்தப் போகிறாள் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

அவள் கத்தவில்லை.

"இருக்க மாட்டேன். உனுக்கு வெறகுதான கவல? எனுக்கு வெறகே வேணாம். என்னப் பொதைச்சிடு. அந்த மரத்தடியிலயே பொதை. அடுத்த காய்ப்புக்கு எருவாவது ஆவறேன்."

"நம்ம வகையறாவுல பச்சக் கொழந்தயத்தான் பொதைப்பாங்க. ஊரு காறித் துப்பும். அண்ணா, கேட்டியா இந்தப் பேச்ச?"

முனிகிருஷ்ணன் முப்பது வருடமாக அந்த வீட்டில் மனைவி, தம்பி இருவரின் கோபங்களுக்கு நடுவில் மெல்ல நடந்து பழகியவர். மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு, அவள் கீழே நின்று திட்டத் திட்ட மரத்தில் ஏறி ஒட்டுக்கு நார் கட்டுபவர் அவர்தான். பெயர் வைக்காத அந்தக் கிளையின் கணுக்கள் அவர் விரலுக்குத் தெரியும். அவர் எழுந்தார். சுவரில் சாய்த்திருந்த கோடாலியை எடுத்தார். தம்பியின் வலது கையைப் பிடித்துக் காம்பை அதில் வைத்து மூடினார்.

"எம் பொண்டாட்டி. நான் பொதைக்கறேன். துப்பறவன் என் மூஞ்சியில துப்பட்டும். நீ கெளம்பு எத்திராஜி."

எத்திராஜ் அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். கோடாலியோடு வாசலைத் தாண்டினான்.

"நில்லு" என்றாள் தாட்சாயணி.

டால்டா டின்னைத் தூக்கி வந்து அவனுடைய இடது கையில் திணித்தாள். உதறியிருக்கலாம். ஆனால் பயிர் செய்கிறவன் கை. கன்று சாயாமல் தானாகவே அணைத்துப் பிடித்துக்கொண்டது. "ஓட்ட எடுத்துட்டுதான் ஊன்னேன். பத்து நாளு முந்தி மொளைச்சது. வெயிலு படற எடமாப் பாத்து வெய்யி" என்றாள்.

ஒரு கையில் கோடாலியும் ஒரு கையில் கன்றுமாக அவன் தெருவில் இறங்கிப் போனான்.

எப்போதும் போலக் கதவை அடித்துச் சாத்தத்தான் கையை ஓங்கினாள். கையில் பலம் வரவில்லை. திரும்பி, முதுகைக் கொடுத்து, உடம்பின் பாரத்தால் மெல்லத் தள்ளினாள். கதவு சேர்ந்தது. கணவர் தண்ணீர் எடுக்க ஓடினார். முதுகைக் கதவிலிருந்து எடுக்காமலே, ஏறி இறங்கும் மூச்சுக்கு நடுவில், இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை உருவி, மடியிலிருந்து அடுத்த கொட்டையை எடுத்து அதன் வாயில் வைத்தாள்.