மண்டோர் கேட்ட மன்னிப்பு

பிசைந்த சோறு விரல்களில் காய்ந்துபோனால் தோலை இழுத்துப் பிடிக்கும். கையை மடக்கினால் செதில் செதிலாக உதிரும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பண்டமாரானில் கோயில் திருவிழா அன்னதானத்திலிருந்து கைகூடக் கழுவாமல் அப்பாவின் பின்னால் உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, என் வலது கை அப்படித்தான் இருந்தது.

அப்பா போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் "கெலிண்டான்". லோரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் மூட்டைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. அன்று என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்தார். சோறு விழுந்து, சாம்பார் ஊற்றி, அவர் பிசையத் தொடங்கிய நேரத்தில், கிடங்கில் ஆட்களை வேலை வாங்கும் "மண்டோர்" ராஜமாணிக்கம், வெள்ளைச் சட்டை போட்ட விருந்தாளிகள் நாலைந்து பேரோடு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"முனியாண்டி, எழுந்திரு. பெரிய ஆளுங்க வந்திருக்காங்க. கெலிண்டான்லாம் ரெண்டாவது பந்தியில சாப்பிடலாம் லா."

அப்பா வயிறாரச் சாப்பிட்டு முடித்தவரைப் போல இலையை உள்பக்கமாக மடித்து வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டு எழுப்பினார். ரெண்டாவது பந்திக்கு நாங்கள் காத்திருக்கவில்லை.

"சோத்துல கை வச்சவர எழுப்புறதா? எதிரியக்கூட எழுப்ப மாட்டாங்களே!" என்று அம்மா அடுப்படியில் நின்று புலம்பினார். "விடு லா, அவரு வாயி அப்படி" என்று சொல்லிவிட்டு அப்பா பாயை விரித்துப் படுத்தார். ஆனால் அன்றிலிருந்து வீட்டிலும் அவர் பாதித் தட்டிலேயே எழுந்துவிட ஆரம்பித்தார். கேட்டால், வெயிலுக்குப் பசிக்கவில்லை என்பார்.

என் அக்கா தேவிக்கு அப்போது பதினாறு வயது. ஸ்பெயின் நாட்டுப் பழைய நாவல் ஒன்றின் தமிழ்ச் சுருக்கத்தைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்து, அந்த விடுமுறை முழுவதும் அதையே படித்துக்கொண்டிருந்தாள். வீரர் கதைகளைப் படித்துப் படித்துத் தானும் ஒரு வீரன் என்று நம்பிவிட்ட ஒரு வயதானவர், அநியாயத்தைத் தட்டிக் கேட்கக் குதிரையேறிப் புறப்படும் கதை. மற்றவர்கள் சிரிக்கிற இடங்களில் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவமதித்தவன் நேரில் வந்து அதற்கு ஈடு செய்தே ஆக வேண்டும் என்பதில் அந்தப் பெரியவர் கடைசிவரை விட்டுக்கொடுக்காததுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பகுதிகளை மட்டும் எனக்கு இரண்டிரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

புதன்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்தாள். "ஏறுடி" என்றாள். பின் கேரியரில் ஏறிக்கொண்டேன். எங்கே என்று நான் கேட்கவில்லை; தெரிந்திருந்தது.

மண்டோர் வீடு மூன்று தெரு தள்ளி இருந்தது. சைக்கிள் மணியை விடாமல் அடித்ததில் அவர் கைலியோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் வாசற்படியில் அவர் மனைவி.

"என்னம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லயா?"

"இல்ல அங்கிள். நீங்க எங்கப்பாகிட்ட மன்னிப்பு கேக்கணும்."

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எதுக்கு?"

"சோத்துல கை வச்சவர எழுப்புனதுக்கு."

அவர் முகம் கறுத்தது. "சின்னப் பிள்ளைங்க பேசுற பேச்சா இது? வீட்டுக்குப் போங்க" என்று கேட்டைச் சாத்தினார்.

திரும்பும் வழியில் வளைவில் சைக்கிள் சறுக்கி இரண்டு பேரும் "லொங்காங்கில்" விழுந்தோம். சாக்கடைத் தண்ணீர் சொட்ட, முழங்காலில் ரத்தம் வழிய எழுந்து நின்ற அக்காவின் முகத்தில் அப்படி ஓர் ஒளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "கேட்டாச்சு லா. அது போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், மூன்று நாள் சாயங்காலமும் அவர் செருப்புச் சத்தத்துக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் மண்டோரே வந்தார். மனைவியும் வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கள் பலகை வீட்டு வரிசை முழுவதும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

"முனியாண்டி, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. மனசுல வச்சுக்காத" என்றார் மண்டோர், நின்றபடியே.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அக்கா கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவோ பதறிப்போய், இருந்த ஒரே நாற்காலியைத் தோள் துண்டால் துடைத்துப் போட்டுவிட்டு, "ஐயோ அண்ணே, நாந்தான் தெரியாம முன் பந்தியில உக்காந்துட்டேன். எம்பொண்ணு பேசுனதுக்கு நீங்கதான் மன்னிக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்கா பின்பக்கம் ஓடிவிட்டாள்.

மண்டோரின் மனைவி அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "நாலு நாளா இவரு சாப்பிட உக்காந்தா, பாதியில 'எழுந்திரிங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன் தங்கச்சி. நேத்துதான் கைய உதறிட்டு, 'சரி, வரேன்'னாரு."

அவர்கள் போன பிறகு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். ஒரு தட்டு சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். மறுபடியும் தட்டை நீட்டினார். மூன்றாவது முறை அம்மா பானையைச் சாய்த்து அடியைக் காட்ட, அப்பா சத்தம் போட்டுச் சிரித்து, ஒட்டியிருந்த காந்தலையும் சுரண்டிப் போடச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தண்ணீர்த் தொட்டி அருகே அழுதுகொண்டிருந்தாள். சாப்பிட வர மறுத்துவிட்டாள். அந்தப் புத்தகத்தை அவள் மறுபடி திறக்கவே இல்லை.

பிற்பாடு கோலாலம்பூரில் வேலை கிடைத்து, கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்த காலத்தில் அந்த நாவலை ஆங்கிலத்தில் முழுசாகப் படித்தேன். அவமானத்துக்குச் செய்யும் ஈட்டுக்கும் மனம் நிறைவதற்கும் அதில் "சாட்டிஸ்ஃபேக்‌ஷன்" என்று ஒரே சொல்தான். நமக்கு இரண்டும் வேறு வேறு. அந்தப் பெரியவர் தட்டிக் கேட்டுவிட்டு நிறைந்த மனத்தோடு போய்விடுகிறார். யாருக்காகக் கேட்டாரோ அவர் மனம் நிறைந்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கா மட்டும் என்ன, பார்த்தாளா? பார்க்க விடாமல் அழுகை அவளைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டது.

இப்போது அந்தப் பலகை வீடுகள் இல்லை. அங்கே கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கோயில் அன்னதானத்தில் பந்தி கிடையாது. வரிசையில் போய்த் தட்டில் வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறார்கள். மண்டோரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

போன மாதம் கிள்ளானை அடுத்த மேருவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அவளே ஆரம்பித்தாள்: "அன்னைக்கு நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்டி. பாவம், அப்பாவக் கும்பிட வச்சிட்டேன்."

இத்தனை வருடமாக அவள் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த மூன்று தட்டுச் சோற்றைப் பற்றிச் சொன்னேன். அம்மா பானையைச் சாய்த்ததையும், அப்பா சிரித்ததையும், காந்தலையும்கூட விடாமல் சொன்னேன். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அன்னைக்கு என்னடி குழம்பு?"