ராத்தா கஃபாவில் கேட்ட துஆ

குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா எனக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே மனப்பாடம். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகையில் அதன் பாதியில் நின்றுவிட்டேன். அடுத்த வசனம் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து ஓதினேன். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. அது தொழுகையின் எத்தனையாவது சுற்று, எத்தனையாவது ரக்அத் என்பதும் தெரியவில்லை. தொழுகையை முடிக்காமலே முஸல்லா விரிப்பில் உட்கார்ந்து அழுதேன். சகோதரிகளே, என் கதையை அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் கல்முனைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். ரக்அத்தை எண்ணத் தெரியாத கணித டீச்சர். நினைத்துப் பாருங்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு எனக்கு சீலியாக் என்ற நோய் இருப்பதைக் கொழும்பில் கண்டுபிடித்தார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற ஒரு சத்து உள்ளே போனால் என் குடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். அவற்றைச் சாகும்வரை தொடாமல் இருப்பதுதான் மருந்து என்றார் டொக்டர். எங்கள் ஊரில் அது லேசான காரியம் இல்லை. காலையில் ரொட்டி, பின்னேரம் ரோல்ஸ், நோயாளியைப் பார்க்க வருகிறவர் கையில் பிஸ்கட் பக்கற். "ஒரு கடி கடிச்சா மவுத்தா போகப்போறாய்" என்று கேட்டவர்களும் உண்டு. நான் அசையவில்லை. அரிசிமாப் புட்டு, சோறு, மீன் என்று வைராக்கியமாக இருந்தேன். வயிற்றுவலி போனது. உடம்பு தேறியது.

பிறகு எங்கள் உம்மா மவுத்தானார்.

என் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. ஒரே வளவில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. உம்மா போன பிறகு நான் சாப்பிடாமல் கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கத்தாரில் இருக்கும் அவள் மகன் அனுப்பிய பார்லி மா வீட்டில் இருந்தது. அதில் பாலும் தேனும் விட்டுத் தல்பீனா காய்ச்சினாள். கவலையில் இருக்கிறவரின் நெஞ்சுக்கு ஆறுதல் என்று நபிவழியில் வந்த கஞ்சி அது. "பிஸ்மில் சொல்லிக் குடி மனே. மனசுக்கு நல்லம்" என்றாள். செல்லமாக மகளே என்பதுபோல என்னை மனே என்பாள். நான் குடித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடியலில் சுபஹ் தொழுததும் ஒரு கோப்பையோடு வருவாள்.

அது பார்லி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் டொக்டர் தடுத்தது சாப்பாட்டை. இது மருந்து, அதிலும் நபிவழியில் வந்த சுன்னத்தான மருந்து. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிளினிக்கில் "கோதுமை, பார்லி ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டபோது "இல்லை டொக்டர்" என்று முழு மனதோடு சொன்னேன். ராத்தாவின் கோப்பை அப்போது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

மெல்ல மெல்லத் தலைக்குள் பனிமூட்டம்போல ஒரு புகார் இறங்கியது. நாவிதன்வெளி வயல்களில் மார்கழி விடியலில் ஒரு புகார் மூடுமே, பக்கத்து வரம்பில் நிற்கிற ஆளைக்கூடத் தெரியாது. அப்படித்தான் இருந்தது. கரும்பலகைக்கு முன்னால் சோக்கட்டியோடு நிற்பேன். எழுதிய கணக்கை எப்படி முடிப்பது என்று தெரியாது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்துபோவேன். அதோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. ஃபோன் அடித்தால் நெஞ்சு படபடக்கும். கதவு தட்டினால் உள் அறைக்குள் போய்விடுவேன். எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. காரணம் இல்லாத பயம்தான் ஆளைத் தின்கிறது.

உம்மா போன கவலை என்றார்கள். கண்ணூறு என்றார்கள். ஜின்னாக இருக்கும், ஓதிப் பாருங்கள் என்றார்கள். ஓதினோம், ஊதினோம், தண்ணீர் குடித்தோம். மன நோய்க்கு மாத்திரையும் போட்டேன். சொற்பம்தான் குறைந்தது. ராத்தா பாவம், தல்பீனாவை இன்னும் கொஞ்சம் கட்டியாகக் காய்ச்சினாள்.

வேலையை விட்டிருப்பேன், கவலையில்லை. தொழுகை போனதைத்தான் தாங்க முடியவில்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப ரெண்டாவது ரக்அத், எழும்புங்க" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லித் தருவார். நான் வெட்கத்தில் செத்துப்போவேன். அல்லாஹ்வுக்கு என் தொழுகை பிடிக்கவில்லையோ, அதனால்தான் வாயிலிருந்து சூராவை எடுத்துவிட்டானோ என்று நினைக்கத் தொடங்கினேன். மவுத்தைக் கேட்டுத் துஆ செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு நாள் அது நாக்கு நுனிவரை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்றைக்கு நெற்றியை நிலத்தில் வைத்து ஸஜ்தாவில் கிடந்தபோது அரபும் வரவில்லை, ஓதியதெதுவும் வரவில்லை. என் பேச்சிலேயே கேட்டேன். "யா அல்லாஹ், எனக்கு என்ன செய்யிதென்டு எனக்கே தெரியல்ல. உனக்குத் தெரியும். என்ட தொழுகையத் திருப்பித் தா. வேற ஒன்டும் வேணாம்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அந்தக் கிழமை ராத்தா மக்காவுக்கு உம்ரா யாத்திரை போனாள். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, "ஒனக்காகத்தான் போறன்" என்றாள்.

அவள் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு மத்தியானம் லுஹர் தொழுகையில் நான் அல்ஹம்துவைத் தடங்கலில்லாமல் ஓதி முடித்தேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது பக்கத்தில் யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. நான்தான் எண்ணியிருந்தேன். நாலு ரக்அத்தும் சரி. என் மகள் ஓடிவந்து, "உம்மா, இன்டைக்கு நீங்க நான் கதைக்கிறதக் கேக்கிறீங்க" என்றாள். மக்காவில் ராத்தா கேட்ட துஆ கபூலாகிவிட்டது என்று வீடெல்லாம் சந்தோஷம்.

ராத்தா ஸம்ஸம் தண்ணீரோடும் பேரீச்சம்பழத்தோடும் வந்தாள். மதீனாவில் வாங்கிய புது பார்லி மாவும் கொண்டுவந்தாள். மறுநாள் சுபஹுக்குப் பிறகு கோப்பை வந்தது. நான் சந்தோஷமாகக் குடித்தேன். ஒரு கிழமைக்குள் புகார் திரும்பி வந்தது. நெஞ்சு மறுபடி அடிக்கத் தொடங்கியது. தொழுகையில் அதே இடத்தில் மறுபடி நின்றேன்.

சகோதரிகளே, அதைப்போல ஒரு இருட்டை நான் கண்டதில்லை. தராமலே விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். தந்துவிட்டு எடுத்தானே என்று நினைத்து நினைத்து அழுதேன். முஸல்லாவை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். மூன்று வக்துத் தொழவில்லை. பிறகு பயந்துபோய் எடுத்தேன். விரித்தபடி உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ராத்தா இல்லாத நாளையில என்னத்த மாத்தினாய்?"

கேள்வி அல்லாஹ்விடம். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கே விடை தெரிந்துவிட்டது. ராத்தா இல்லாத நாட்களில் மாறியது ஒன்றுதான்: காலையில் அந்தக் கோப்பை வரவில்லை.

நான் என் மாப்பிள்ளையிடம் சொன்னேன்.  அவர் உடனே டொக்டரிடம் கூட்டிப்போனார். டொக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, "இவ்வளவு காலமும் ஒவ்வொரு நாளுமா?" என்று கேட்டார். இந்த நோயில் வயிறு வலிக்காமலே மூளையும் மனமும் பாதிக்கப்படலாம் என்றார். இரத்தத்தைச் சோதித்தபோதும் பார்லி என் உடம்பைத் தாக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

சுன்னத்தை எப்படி மறுப்பது என்ற பயம் அப்போதும் எனக்கு இருந்தது. என் மாப்பிள்ளை பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டார். "நோன்பு பர்ளு, கட்டாயக் கடமை. நோயாளிக்கு அதையே அல்லாஹ் பிந்திப் புடிக்கச் சொல்லியிரிக்கான். தல்பீனா எந்த மட்டு? நல்ல உணவுதான், ஆனா உங்கட வீட்டுக்காரிக்கு அது இல்ல" என்றாராம் மௌலவி.

மிச்சமிருந்தது ராத்தா.  அவள் அன்பில் காய்ச்சியது என்னை இப்படி ஆக்கியது என்று எந்த வாயால் சொல்வேன்? மறுநாள் கோப்பையோடு வந்தவளை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.  நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நான் கஃபாவப் பார்த்து ஒனக்கு என்ன கேட்டனென்டு தெரியுமா?" என்றாள்.

"சுகம் கேட்டிருப்பாய்."

"இல்ல மனே. என்ட தங்கச்சிக்கு எது கெடுதியோ, அத அவளுக்கிட்ட இருந்து தூரமாக்கு நாயனே என்டு கேட்டன்." அவளுக்குக் குரல் உடைந்தது. "அந்த நேரம் அத அவன் தூரமாக்கித்தான் வெச்சிருந்தான். அதக் காய்ச்சிற கைய மக்காவுக்கு எடுத்திருந்தான். எனக்குத்தான் விளங்கல்ல."

இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

இப்போது நான் பாடசாலைக்குப் போகிறேன். முழுச் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். எங்காவது கல்யாண வீட்டுக் கறியில் கோதுமை மா கலந்திருந்தால் இரண்டு மூன்று நாள் புகார் வரும், பயம் வரும். மாத்திரை இன்னும் போடுகிறேன். அந்த நாட்களில் உட்கார்ந்தபடி தொழுகிறேன், குறைவாகக் கதைக்கிறேன், போய்விடும் என்று காத்திருக்கிறேன். போய்விடுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இதை வாசிக்கும் சகோதரி, உன் தலையும் இப்படி மூடியிருந்தால் உன் ஈமானைச் சந்தேகிக்காதே. டொக்டரிடம் எதையும் விடாமல் சொல், பரக்கத்துக்கென்று குடிப்பதையும் சொல். அல்லாஹ்விடம் உன் வாயில் வருகிற பேச்சில் கேள். அவன் தரவில்லை என்று அழும்போது உன்னிடமிருந்து எதை எடுத்தான் என்றும் ஒருமுறை பார். எனக்கு அவன் ராத்தாவைக் கொஞ்ச நாள் எடுத்தான். அதுதான் என் துஆவுக்கும் அவள் துஆவுக்கும் கிடைத்த பதில்.