மகளுக்கு ஒரு ரிங்டோன்

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போக நானும் என் மனைவியும் ராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். நான்கு நாட்களாக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம், சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகள்.

அவள் அப்போது ஏழு மாத கர்ப்பிணி. தலைப்பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். நான் கோபத்தில் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேன். தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறவள், அதன்பிறகு கூப்பிடவே இல்லை. "நீங்க ஒரு போன் போட்டாத்தான் என்ன?" என்று மனைவி கெஞ்சினாள். "அவளுக்கு இம்புட்டு வீம்புன்னா எனக்கு இருக்காதா?" என்று நான் முறுக்கிக்கொண்டேன். வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் என் சட்டைப் பையில்.

நான் மில்லில் முப்பது வருடம் பிட்டராக இருந்தவன். எந்த மெஷினையும் யாரையும் கேட்காமல் கழற்றி மாட்டுவேன். போனையும் அப்படித்தான் கண்டபடி அமுக்கிப் பார்ப்பேன். புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். மனைவி நேர்மாறு. எதுவும் கெட்டுவிடுமோ என்று தொடவே பயப்படுவாள். ஆனால் கேட்பதற்கு வெட்கமே கிடையாது. காய்கறிக்காரர், எதிர்வீட்டு மருமகள், கண்டக்டர் என்று எல்லாரும் அவளுக்கு வாத்தியார். "ஏட்டி, ஊரெல்லாம் கேட்டு என் மானத்தை வாங்காத" என்று திட்டுவேன்.

பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நான் எதிர்ப்பக்கம். ஊரைத் தாண்டியதும், "ஏங்க, போனை செத்த குடுங்க" என்று கை நீட்டினாள். கொடுத்தேன். அதை அப்படியே பக்கத்து சீட்டு அம்மாவிடம் நீட்டிவிட்டாள். வத்திராயிருப்பு போகிறவராம், எங்கள் வயதுதான் இருக்கும்.

"அக்கா, எம் மக நாலு நாளா பேசலை. கோவமா, இல்ல போன்ல ஏதும் கோளாறான்னு பாருங்களேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "கோளாறு இல்லம்மா. உம் மக நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கு. அவ எம்புட்டு கூப்பிட்டாலும் இங்க வராது. யாரு செஞ்சது?"

எனக்குச் சுரீரென்றது. சண்டைக்கு மறுநாள் காலை, மனசு கேட்காமல், மகள் கூப்பிட்டால் மட்டும் தனி ரிங்டோன் வரட்டும் என்று அவள் பெயருக்குள் போய் எதையெதையோ அமுக்கியிருந்தேன். இங்கிலீஷில் ஏதோ கேட்டது. படிக்காமலே சரி கொடுத்துவிட்டேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாந்தான்க்கா, தெரியாம அமுக்கிட்டேன்" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "பொம்பளைங்க கையில போனைக் குடுத்தா இப்படித்தான் சார்" என்று என் பக்கத்தில் இருந்தவர் என்னிடமே சொன்னார். நான் வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த அம்மா அதைச் சரிசெய்து, மகளையும் கூப்பிட்டுக் கொடுத்தார். எடுத்ததுமே மகள் அழுதாள். பிரஷர் ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். அங்கிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அப்பா கோபத்தில்தான் எடுக்கவில்லை என்று நினைத்து, மாப்பிள்ளையையும் பேசவிடாமல் தடுத்திருக்கிறாள். மனைவி அவளிடமும் அதே பொய்யைச் சொன்னாள். ஸ்பீக்கரில் மகள் குரல் எனக்கே கேட்டது. "தெரியாததை எதுக்கும்மா தொடுற? அப்பாட்ட குடுத்துருக்கலாம்ல?"

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் போனை வாங்கினேன்.

"அம்மா இல்ல தாயி, நாந்தான் அமுக்குனேன். புரியலைன்னு யார்ட்டயும் கேக்க எனக்கு வெக்கம்" என்றேன். பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

பேரன் நல்லபடியாகப் பிறந்து இப்போது தவழ்கிறான். மனைவிக்குத் தனி போன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒன்று புரியாவிட்டால் அவளிடம்தான் கேட்கிறேன். கொஞ்சம் கேலி செய்துவிட்டுத்தான் சொல்லித் தருவாள். ஆனாலும், அன்றைக்கு அவள் சொன்ன அந்தப் பொய்யை, பெற்ற மகள் உட்பட ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லையே, அதுதான் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.