கொலைகாரனைக் கொடுத்து வாங்கிய உத்தரவு

முன்சீப் ஒரு பக்கத்தைப் புரட்டினார். நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "வக்கீலே, உங்க டாக்குமெண்ட்ல ஒரு கொலை நடந்திருக்கே" என்றார், தமிழில். திருவனந்தபுரம் கோட்டைக்குள் தமிழ் அக்கிரகாரத்தில் வளர்ந்தவர். என் சீனியரின் முகம் வெளுத்தது. கேஸ் கட்டைத் தைத்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஒரு மலையாளி வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். கட்டுத் தைப்பது, ஸ்டாம்ப் ஒட்டுவது, பெஞ்ச் கிளார்க்கிடம் பல்லைக் காட்டுவது, சீனியர் மறந்ததற்கெல்லாம் திட்டு வாங்குவது, இவைதான் வேலை. மிச்ச நேரம் கோர்ட்டில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டும். என் கொட்டாவிக்கு மருந்து வக்கீல் தாண்டவன்.

தாண்டவன் மாத நாவல் நாயகன். நாகர்கோவில் பஸ்ஸில் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் கடைக்கு நாலைந்து பிரதிதான் வரும். முழுப் புத்தகத்தைக் கோர்ட்டில் விரித்தால் மானம் போய்விடும். அதனால் முதுகைப் பிரித்து நாலு பாகமாக்கி, ஒவ்வொன்றாகக் கேஸ் கட்டுக்குள் வைத்துப் படிப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் படு சிரத்தையான குமாஸ்தா.

அந்த மாதக் கதை முழுக்கக் கோர்ட்டில்தான். கூண்டில் நிற்பவன் 'நான்தான் கொன்றேன்' என்கிறான். தாண்டவன் எழுந்து, 'என் கட்சிக்காரர் பொய் சொல்கிறார்' என்கிறான். அதை அவன் நிரூபித்து முடிக்கும்போது செத்தவனின் மனைவி, 'நான்தான் கொன்றேன்' என்கிறாள். மூன்றாம் பாகம் முடிகிற இடத்தில் செத்தவனே சாட்சி சொல்ல வருகிறான். அப்படியானால் எரிந்த பிணம் யாருடையது? எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆனாலும் நாலாம் பாகத்தைத் தொடவில்லை. நான் திருநெல்வேலிக்காரன், அல்வாவை அவசரப்பட்டு விழுங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று பையில் வைத்திருந்தேன்.

சீனியர் எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழ் வாசிப்பார். "இந்தக் குப்பையெல்லாம் வாசிச்சா புத்தி கெட்டுப் போகும், கேட்டோ" என்று எனக்கு உபதேசம் வேறு. அப்படிப்பட்டவர் என் மேஜையிலிருந்து முதல் பாகத்தை எடுத்துப் போய்த் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறார். யாரோ வந்ததும் எங்கள் கட்சிக்காரி செல்வியின் வாடகை ரசீதுகளுக்கு நடுவில் செருகிவிட்டார். அவளுக்குக் கடையை வாடகைக்கு விட்ட கட்டடக்காரர் தமிழ் வியாபாரி, ரசீதுகளும் தமிழ். சீனியர் கொடுத்த கத்தையை அப்படியே தைத்தேன்.

செல்வி பழவங்காடிப் பக்கம் இட்லிக் கடை நடத்தியவள். அதைக் கட்டடக்காரர் இடித்துத் தள்ளப் பார்த்தார், தடை கேட்டுத்தான் வழக்கு. காலையிலேயே வராந்தாவில் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, இன்னைக்கி ஆர்டர் கெடைக்கலன்னா சாயங்காலம் கடைய பொளந்து போட்டுருவாவ. பெறவு நானும் பிள்ளயளும் எங்க போவோம்?"

எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பேச்சுத் தமிழ் புரியும், எழுத்து ஒன்றும் தெரியாது. கொலை என்று கேட்டதும் துள்ளி எழுந்தார். "தமிழ் டாக்குமெண்ட். டிரான்ஸ்லேஷன் இல்லா. ஆப்ஜெக்‌ஷன் ஃபைல் செய்யான் டைம் வேணம்." வாய்தா விழுந்தால் கடை போயிற்று. செல்வி ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்தாள்.

முன்சீப் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். இன்னும் ஒன்று. பிறகு எதிர்த்தரப்பைப் பார்த்து, "இதுல உம்ம கட்சி எங்கேயும் இல்லை. கொன்னேன்னு சொல்றவனை அவன் வக்கீலே பொய்யன்ங்கறார். நாவல் ஓய் இது. இதுக்கு எதுக்கு டைம்?" என்றார். ரசீதுகளைப் பார்த்தார், இடைக்காலத் தடை கொடுத்தார். முதல் பாகத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வாயால் சொன்ன உத்தரவைக் கட்டடக்காரர் மதிக்க மாட்டார். டைப் அடித்து, கையெழுத்தாகி, காப்பி வெளியே வர மறுநாள் ஆகும். மதிய இடைவேளையில் பியூன் வந்தான். "பாக்கி பேஜ் உண்டோன்னு சார் சோதிக்குன்னு" என்றான், முன்சீப் கேட்கிறாராம். இரண்டாம், மூன்றாம் பாகங்களைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தான். "அவசானம் எவிடே?"

"கடைசிப் பாகம் ஆபீஸ்ல இருக்கு. நான் ஆர்டர் காப்பிக்குக் காத்துக் கிடக்கேன். அது கைக்கு வந்தா ஓடிப்போய் எடுத்துட்டு வந்துருவேன்" என்றேன். நாலாம் பாகம் என் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது.

சீனியர் என் காதருகே குனிந்தார். "எடோ, இது கண்டெம்ப்ட் ஆகும்."

"கதைப் புக்கு கொடுக்கதுல என்ன சார் கண்டெம்ப்ட்?"

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காப்பி வந்துவிட்டது, கையெழுத்தும் முத்திரையுமாக. நாலாம் பாகத்தைப் பியூனிடம் நீட்டியபோது பிரித்து ஒரே ஒரு பக்கம் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. பார்க்க நேரமில்லை. செல்வியையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவைப் பிடித்தேன்.

கடை வாசலில் கடப்பாரையோடு ஆள்கள் நின்றிருந்தார்கள். கட்டடக்காரர் உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, ஆள்களைக் கூட்டிக்கொண்டு போனார். செல்வி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள்.

"அண்ணே, அந்தக் கதையில யாரு கொன்னது?"

"தெரியாதும்மா. நான் படிக்கல."

தம்பானூரில் கேட்டேன், எல்லாம் விற்றுவிட்டது என்றார்கள். முன்சீப்புக்கு மாற்றலானது, நாலு பாகங்களும் அவரோடு போயின. இன்றுவரை கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரியாது.

குமாஸ்தா வேலைக்கு வரும் பிள்ளைகளே, தைக்கும் முன் ஒவ்வொரு தாளையும் பாருங்கள், சீனியர் கொடுத்த தாளை இரண்டு முறை பாருங்கள். கோர்ட்டுக்குக் கதைப் புத்தகம் கொண்டு போனால் கடைசிப் பாகத்தை முதலில் படித்துவிடுங்கள். அதை என்றைக்கு யாருக்காகக் கொடுக்க வேண்டி வரும் என்று சொல்ல முடியாது.